இரண்டு மூடி ஸ்பிரிட்

சோனுனின் வண்டி மூன்றாவது முறையாக முற்றத்துக்குள் வந்தது. வந்தது என்பதைவிட ஊர்ந்தது என்று சொல்லலாம். பின்பக்கம் முழுக்க அமுங்கி, சக்கரங்களின் மேல்பாதி வளைவுக்குள் மறைந்து, வயிறு பனியைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பெக்தெமிர் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தான். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

சோனுன் கால்நடை மருத்துவர். நாற்பத்தைந்து வயது. நாரின் நகரிலிருந்து சுற்றுவட்ட ஆட்டுப்பட்டிகளுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போய்வருவாள். ஆழமான பனியில் போகும்போது பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரத்தின் மேலும் உள்ள காற்றுப் பைகள் உப்பி, வண்டி ஒரு சாண் உயர்ந்து நிற்கும். அதற்காகவே அதை வாங்கினாள். இப்போது அது ஒரு சாண் தாழ்ந்து நின்றது.

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளினாள்.

“என் தொழில்ல மூணு நாள் எந்திரிக்காத மாட்டுக்குக் கத்திதான் வைத்தியம், தம்பி. உன் தொழில்ல எப்படி?”

“உள்ள விடுங்க அக்கா. கழட்டிப் பாக்குறேன்.”

“போன தடவையும் அதையேதான் சொன்ன. அதுக்கு முந்துன தடவையும்.”

 அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். திங்கட்கிழமை தலைநகர் பிஷ்கெக்குக்குத் தடுப்பூசி மருந்து எடுக்கப் போகவேண்டும் என்றாள். வழியில் டோலோன் கணவாயில் வண்டி உட்கார்ந்தால் அங்கேயே அதைப் புதைத்துவிட்டு, மண்ணள்ளிப் போட அவனைக் கூப்பிடுவதாகவும் சொன்னாள். அன்று புதன். நடந்தே கிளம்பிப் போனாள்.

இந்த ஒரு வண்டியை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று பெக்தெமிர் தன் மாமனாரிடம் சொல்லி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வீடு மாமனாருடையது. முற்றமும் கொட்டகையும் அவருடையவை. துர்தாகுன் முப்பத்தொரு வருஷம் தொரூகார்ட் கணவாயில் ரஷ்ய லாரி ஓட்டியவர். அந்த லாரி நிற்பதற்காகக் கட்டிய கொட்டகை என்பதால் கதவு இரண்டு ஆள் உயரம் இருக்கும். பெக்தெமிர் பிஷ்கெக்கில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, அவருடைய ஒரே மகள் மீரிமைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளை. அந்த ஊரில் அதற்கு நாய்க்குட்டி மாப்பிள்ளை என்று பெயர். கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்தார்கள். மீரிம் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அதனால் அந்தப் பேச்சில் விஷம் போய்விட்டது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. முப்பது வயது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாவு இரண்டு நாள் அப்படியே பாத்திரத்தில் கிடந்தது.

டிசம்பரில் ஓராண்டு நினைவு விருந்து நடந்தது. குதிரை அடித்துச் சமைத்தார்கள். தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. விருந்தோடு துக்கம் முடிந்துவிட்டது என்பது வழக்கம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி. யாரும் நேரில் கேட்கவில்லை. கடையில் ரொட்டி வாங்கும்போது பின்னால் ஒருவன் மட்டும் சொன்னான், எசமானி போய் வருஷமாச்சு, குட்டி இன்னும் வாசல்லயே படுத்திருக்கு என்று. பெக்தெமிர் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பிஷ்கெக்கில் கூடப் படித்தவன் ஒருவன் பெரிய பட்டறை வைத்திருக்கிறான். பிப்ரவரி கடைசிவரை இடம் வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றான். ஜனவரி நடுவில் பெக்தெமிர் மாமனாரிடம் சொன்னான். அவர் டீக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் தலையை ஆட்டினார். நல்லதுதான் என்றார். 

மறுநாள்தான் சோனுனின் வண்டி முதல்முறை வந்தது. அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. காலையில் டீ ஊற்றிக் கொடுத்த மாமனாரின் கையிலிருந்து ஸ்பிரிட் வாடை அடித்தது.

பெக்தெமிர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் குடித்துப் பார்த்ததில்லை. மலைப்பாதையில் குடித்து ஓட்டியவர்களைப் பள்ளத்திலிருந்து தூக்கியவர். அறுபத்தொன்பது வயதில், விடிவதற்கு முன்னால், மகள் போன வீட்டில் தனியாக எழுந்து குடிக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து மறுபடி அந்த வாடை. பிறகு ஒரு வாரம் இல்லை. பிறகு மறுபடி. இப்படிப்பட்ட மனிதரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?  பிப்ரவரி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றி, நான்கு பக்கமும் தாங்கு கொடுத்து நிறுத்தினான். அடுப்பில் நிலக்கரி போட்டான். யோசிக்கத் தொடங்கினான்.

முதல்முறை வந்தபோது இடது பின்பக்கக் காற்றுப் பையில் வெடிப்பு இருந்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் நுரை கொப்புளித்தது. சந்தேகமே இல்லை. பையை மாற்றினான். சோதனைக்காக வண்டியைக் கொட்டகைக்கு வெளியே பனியில் விட்டான். மாலையில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரைக்கும் டேப்பால் அளந்து தாளில் எழுதினான். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். காலை ஏழு மணிக்கு அளந்தான், இரண்டு நாள் கழித்து மறுபடியும் அளந்தான். நாற்பத்தெட்டு. வெளியே குளிர் பூஜ்யத்துக்கு இருபத்தெட்டு டிகிரி கீழே. அந்தக் குளிரில் தாங்கிய வண்டி எங்கும் தாங்கும் என்று கொடுத்து அனுப்பினான். ஐந்தாம் நாள் படுத்துவிட்டது.

இரண்டாம்முறை எல்லா இணைப்புகளையும் சோதித்தான். உயரத்தைக் கணக்கிடும் சென்சார்களைக் கழற்றித் துடைத்தான். மடிக்கணினியை மாட்டிப் பிழைக் குறிகளைப் படித்தான். அது மேலேறும் நேரம் அதிகம் என்று மட்டும் சொன்னது. மறுபடி இரண்டு காலை பனியில் விட்டான். இரண்டு காலையும் நாற்பத்தெட்டு. கொடுத்து அனுப்பினான். நாலாம் நாள் படுத்துவிட்டது.

அப்போது சோனுனிடம் சொல்லிவைத்தான், அவள் வீட்டு வாசலில் தினமும் அளந்து போனில் படம் அனுப்பும்படி. கன்றுக்குட்டியின் நெஞ்சளவு எடுக்கும் டேப்பை வைத்து அவள் அளந்தாள். மாலை நாற்பத்தெட்டு, காலை நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பது. இவன் முற்றத்தில் இறங்காத வண்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அவள் வாசலில் ஏழு சென்டிமீட்டர் இறங்கியது. ஒரே ஊர். ஒரே குளிர்.

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கொட்டகையின் சூட்டில் வண்டி எத்தனை நாள் நின்றாலும் இறங்குவதில்லை. அப்படியானால் குளிர்தான் காரணம். குளிரில் கெடுவது என்றால் தண்ணீர். காற்றோடு ஈரம் உள்ளே போகிறது, வால்வுக்குள் உறைகிறது, வால்வு முழுசாக மூடாமல் காற்றை விடுகிறது. ஈரம் உள்ளே போகிறது என்றால் பைகளுக்குக் காற்றை ஏற்றும் கம்ப்ரெஸரோடு ஒட்டியிருக்கும் உலர்த்தி வேலை செய்யவில்லை. இதை முதல்முறையே யோசித்திருக்கவேண்டும். ஆனால் அவன் முற்றத்துக் குளிரில் வண்டி நின்றதே. அதுதான் அவனைத் திசைதிருப்பியது.

கம்ப்ரெஸரைக் கழற்றிக் கீழே எடுத்தான். உலர்த்தியின் மூடியைத் திருகினான்.

உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் இருக்கவேண்டும். உலர்ந்து, கொட்டினால் சலசலக்கவேண்டும். இங்கே கஞ்சி இருந்தது. மணிகள் கரைந்து, சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். ஈரத்தின் வாடை அல்ல. ஸ்பிரிட்.

உடனே சோனுனுக்குப் போன் செய்தான். வண்டியில் யாராவது ஸ்பிரிட் ஊற்றினார்களா என்று கேட்டான். அந்தப் பக்கம் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“யாரு, என் வீட்டுக்காரனா? அவன் தொழுகைய ஆரம்பிச்சதுலேருந்து கொலோன் கூடப் போடுறதில்ல. என்கிட்ட இருக்குற ஸ்பிரிட் மாட்டுக்கு ஊசி போடுற எடத்துல தடவுறதுக்கு. மாடு புகார் சொன்னதில்ல. நீ சொல்றியா?”

இல்லை, சும்மா கேட்டேன் என்றான். சும்மா கேட்கிறவனுக்குக் குரல் இப்படி இருக்காது, இரண்டுமுறை தப்புப் பண்ணிவிட்டு இப்போது பழியைப் போட ஆள் தேடுகிறாயா என்று அவள் கேட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் வைத்துவிட்டாள்.

பிறகு கம்ப்ரெஸர் காற்றை இழுக்கும் ரப்பர் குழாயைக் கையில் எடுத்தான். அதன் முனையில் அவன் எப்போதும் இரும்புப் பிடிப்பு மாட்டுவான். இரண்டாம்முறையும் மாட்டியிருந்தான். அது இல்லை. அந்த இடத்தில் மெல்லிய கம்பி. இரண்டு சுற்று சுற்றி, முறுக்கி, முறுக்கின நுனி கையைக் கிழிக்காதபடி மடக்கி உள்ளே செருகியிருந்தது.

அந்த முடிச்சை அவன் இந்த வீட்டில் எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறான். வேலிப் படலில். அடுப்புக் குழாயில். மீரிமின் பழைய சைக்கிள் கூடையில்.

பெக்தெமிர் தரையில் உட்கார்ந்தான். முதலில் தோன்றியது வண்டியைப் பற்றி அல்ல. அவர் குடிக்கவில்லை. அதுதான் தோன்றியது.  ஒரு மாதமாக மார்பில் வைத்துச் சுமந்தது இல்லாத ஒன்று.

அதன்பிறகு மெதுவாக மற்றது எல்லாம் வந்தது. அந்தக் காலத்து லாரியில், பிரேக்குக்குப் போகும் காற்று உறையாமல் இருக்கக் குளிர்காலத்தில் ஸ்பிரிட் ஊற்றுவார்கள். அதற்கென்றே லாரியில் ஒரு குப்பி உண்டு. இவர் முப்பத்தொரு வருஷம் தினமும் ஊற்றியவர். பனியில் சோதனைக்கு விட்ட ஒவ்வொரு விடியலிலும் எழுந்துபோய், குழாயைக் கழற்றி ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, அது ஸ்பிரிட்டை உள்ளே இழுத்துப் பனிக்கட்டியைக் கரைத்து எழுந்து நின்ற பிறகு அணைத்திருக்கிறார். ஏழு மணிக்கு இவன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறான்.

அந்தக் குளிரில் எந்த வண்டியும் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காமல் நிற்காது. காற்று சுருங்கும். நல்ல வண்டியே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இறங்கும். அது அவனுக்குத் தெரியும். இன்ஜின் ஓடிய சூட்டில் வண்டியின் முன்மூடியில் மட்டும் பனிப்பூச்சு இல்லாததையும் பார்த்திருக்கிறான். இப்போது ஞாபகம் வருகிறது. அந்த மாதங்களில் கண் பார்த்ததை மனம் வாங்கி வைக்கவில்லை.

ஸ்பிரிட் பனியைக் கரைத்தது. கூடவே உலர்த்தி மணிகளையும் கரைத்தது. அந்தக் குழம்பு காற்றோடு போய் வால்வுகளில் படிந்தது. ரப்பர் வளையங்களை உப்பவைத்தது. முதல்முறை வெறும் ஈரமாக இருந்த நோய் மூன்றாம்முறைக்குள் முழு வண்டிக்கும் பரவிவிட்டது.

மதியம் உள்ளே போனான். துர்தாகுன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கொழுப்பில் இறைச்சி வதங்கும் சத்தம். அவர் தட்டு வைத்தார், ரொட்டியைப் பிட்டு வைத்தார், கிண்ணத்தில் பாதிக்கு டீ ஊற்றித் தந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். இந்தப் பதினான்கு மாதமும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். உப்பு வேணுமா, கரி தீர்ந்துபோச்சு, நாளைக்குப் பனி விழுமாம். இதற்குமேல் பேச்சு போனதில்லை.

தட்டு காலியானபின் பெக்தெமிர் கேட்டான்.

“அத்தா, அந்த வண்டியில ஸ்பிரிட் ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன்” என்றார். மறைக்கும் எண்ணமே அந்தக் குரலில் இல்லை. “ரெண்டு மூடி. அதுக்குமேல ஊத்தக் கூடாது.”

அந்த வண்டிக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று அவன் விளக்கினான். மணிகளைப் பற்றிச் சொன்னான், வளையங்களைப் பற்றிச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் லாரியில் ரப்பர் இல்லையா என்று கேட்டார். இருந்தது, அது வேறு ரப்பர் என்றான். அவர் தலையைக் குனிந்து, ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டி ஒரு பக்கம் சேர்த்தார்.

“வண்டி எந்திரிச்சுதே” என்றார். “ஊத்துனதும் எந்திரிச்சுது.”

“ஆமா அத்தா. அதனாலதான் எனக்குத் தெரியல.”

பெக்தெமிர் தன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.

“நீங்க குடிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

கிழவர் நிமிர்ந்தார். நீண்ட நேரம் அவனையே பார்த்தார்.

“குடிக்கிறேன்னு நெனச்ச.”

“ஆமா.”

“ஒரு மாசமா.”

“ஆமா.”

“நெனச்சும் ஒரு வார்த்த கேக்கல.”

 வெளியே யாரோ பனி வாரும் சத்தம் கேட்டது. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“அதுக்காகத்தான் போகாம இருந்தியா?”

“அதுக்காகவும்தான்.”

“நீ போகணும்னுதான்டா ஊத்துனேன்.”

அவன் அவரைப் பார்த்தான். அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். இந்த வண்டி முடிந்தால் கிளம்புவேன் என்று சொன்னாய் அல்லவா, வண்டி எழுந்து நின்றால் நீ கிளம்புவாய் என்று நினைத்தேன் என்றார். அத்-பாஷி ஊரில் இருக்கும் என் தங்கை இலையுதிர் காலத்திலிருந்தே கூப்பிடுகிறாள், வீட்டைப் பூட்டிவிட்டு வா என்று. போக முடியவில்லை. இவனை விட்டுவிட்டுப் போனால் அடுப்புக்கூடப் பற்றவைக்க மாட்டான், குளிரில் வண்டிக்கடியிலேயே கிடப்பான் என்று இருந்தேன் என்றார். அப்புறம் நிறுத்தினார். விரல் மறுபடி ரொட்டித் துணுக்குகளை நகர்த்தியது.

“நீ சாயங்காலம் ஸ்பானரக் கீழ போடுற சத்தம் கேக்கும். கேட்டதும் அடுத்து அவ உன்னச் சாப்புடக் கூப்புடுவான்னு காது காத்துக்கிட்டு இருக்கும். தெனமும். வேணாம்னாலும் கேக்குறதில்ல இந்தக் காது.” கையால் காதைத் தொட்டார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. “எனக்கு முடியல மாப்ளே.”

அவருக்காக அவன் இருந்தான். அவனுக்காக அவர் இருந்தார். இருவரும் சேர்ந்து அவளில்லாத வீட்டைத் தினமும் அவளில்லாததாக வைத்துக்கொண்டிருந்தார்கள். பெக்தெமிருக்கு வலித்தது. அந்த வலியின் அடியில் வேறு ஒன்றும் இருந்தது, கனமான சுமையை இறக்கிவைத்தபின் தோளில் வருமே, அந்த மாதிரி. அது இருந்ததற்காக வெட்கப்பட்டான்.

“எனக்கும்” என்றான்.

அவர் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

பழுதைச் சரிசெய்ய மூன்று நாள் பிடித்தது. பிஷ்கெக்கிலிருக்கும் நண்பன் பட்டறையிலிருந்து வால்வுத் தொகுதி ஒன்றும் உலர்த்தி மணியும் ரப்பர் வளையங்களும் கேட்டான். வியாழன் மாலை வேன் டிரைவர் கொண்டுவந்து போட்டான். வெள்ளி முழுக்கக் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றிலும் உலர்ந்த காற்றை ஊதினான். வெள்ளைத் தூள் வந்துகொண்டே இருந்தது. தூள் நின்றபின் ஒரு வெள்ளைத் துணியைக் குழாய் வாயில் பிடித்து மறுபடி ஊதினான். துணி சுத்தமாக இருந்தது. அப்படி நான்கு சக்கரத்துக்கும்.

துர்தாகுன் கொட்டகைக்கு வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை எங்கே பிடிக்கவேண்டுமோ அங்கே பிடித்தார். பழைய வால்வைத் திறந்து காட்டினான். உள்ளே சுண்ணாம்பு அப்பிக்கிடந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எல்லாம் என் கொழுப்புதான் என்றார். அவன் லேசாகச் சிரித்தான். அவரும் சிரித்திருக்கலாம், மீசைக்குள் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை வண்டியை வெளியே பனியில் விட்டான். அளந்தான், நாற்பத்தெட்டு. சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டப்போனான். அவர் கையை நீட்டி வாங்கி, அவன் சட்டைப்பையிலேயே போட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணி. முப்பது டிகிரி கீழே. முன்மூடி, கூரை, கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பனிப்பூச்சு. அவன் முட்டி போட்டு அளந்தான். முன் இடது, நாற்பத்தேழு புள்ளி எட்டு. முன் வலது, அதே. பின் இரண்டும் நாற்பத்தேழு புள்ளி ஏழு. நான்கும் ஒன்றுபோலக் கொஞ்சம் சுருங்கியிருந்தன. அப்படித்தான் சுருங்கவேண்டும். இந்தமுறை எண்ணைத் தாளில் எழுதவில்லை. எழுந்து நின்று முட்டியிலிருந்த பனியைத் தட்டினான்.

அவர் ஜன்னலில் நின்றார். அவன் தலையை ஆட்டினான். திரை மூடிக்கொண்டது.

சோனுனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். தப்பு எங்கள் பக்கம் என்றான். யார் என்று சொல்லவில்லை. அவள் திங்கட்கிழமை காலை வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், மாட்டைச் சந்தையில் பார்ப்பதுபோல. குனிந்து அடிவயிற்றைப் பார்த்தாள். துர்தாகுன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். நல்ல கோட்டைப் போட்டிருந்தார்.

“நான்தான் ஊத்துனேன்” என்றார் அவளிடம். “இவனுக்குத் தெரியாது. வைய வேண்டியது என்னைத்தான்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பெரியவரே, மூணு தடவ உங்க வாசலுக்கு வந்துட்டேன். என் வண்டிக்கு ஸ்பிரிட் ஊத்துனீங்க. எனக்கு ஒரு கிண்ணம் டீ ஊத்துனீங்களா?”

அவர் திகைத்து, பின் உள்ளே போய் டீ போட்டார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தாள். அத்-பாஷித் தங்கையின் வீட்டுப் பசுவைத் தனக்குத் தெரியும் என்றாள். மோசமான பசு, உதைக்கும் என்றாள். அவர் அதைப் பற்றி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மேசையில் இத்தனை பேச்சு நடந்து வெகுநாள் ஆயிற்று.

பெக்தெமிர் அவளோடு பிஷ்கெக் போவதாக முந்தின நாளே பேச்சாகியிருந்தது. கணவாயில் வண்டி உட்கார்ந்தால் அடியில் படுக்க ஆள் வேண்டும், அதற்காகத்தான் ஏற்றிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. கருவிப் பெட்டிகள்தான் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு ஆட்டின் கனம். மீரிமின் பொருள்களில் எதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எதை எடுப்பது என்று நின்று பார்த்தான், பிறகு கதவைச் சாத்தினான்.

பெட்டிகளை அவரும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் ஏற்றினார்கள். நான்காவது பெட்டி ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. சோனுன் இன்ஜினைப் போட்டாள். கீழே எங்கோ கம்ப்ரெஸர் மெல்ல முனகத் தொடங்கியது. சுமையோடு சேர்த்துப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அவசரமில்லாமல் வந்தது. மட்டம் ஆனதும் முனகல் நின்றது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏறிடுச்சு” என்றார் துர்தாகுன்.

“ஏறிடும் அத்தா.”

வியாழக்கிழமை தங்கையின் பேரன் வந்து அவரை அழைத்துப்போவதாக இருந்தது. அதுவரை மூன்று நாள். கரி இருக்கிறதா என்று பெக்தெமிர் கேட்டான். இருக்கிறது என்றார். கொட்டகையைப் பூட்டிவிடுங்கள் என்றான். பூட்டிவிடுகிறேன் என்றார். கை கொடுத்தார்கள். கிழவரின் கையில் உருளைக்கிழங்கு வாடைதான் இருந்தது. அவன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபின் கண்ணாடியை இறக்கினான்.

“போன் பண்றேன்.”

“பண்ணு” என்றார். கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கெழம பண்ணு. தெனமும் வேணாம்.”

“சரி அத்தா.”

சோனுன் வண்டியை எடுத்தாள். முற்றத்தின் வாசலில் உழுதுபோட்டதுபோல் பனி கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். வண்டி ஒரு சாண் உயர்ந்து, பனியைத் தொடாமல் தாண்டித் தெருவுக்கு வந்தது. அவள் ஏதோ கேட்டாள். அவன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, தூங்கு என்றாள். டோலோன் ஏற்றம் வருவதற்கு வெகு முன்னாலேயே அவன் தூங்கிவிட்டான்.